வெட்டுக்கு முன் ஒரு ஊசி, அதற்குப் பிறகு எதற்கு ஏழு நாள்? கொழும்பின் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சத்திரசிகிச்சை வைத்திய நிபுணர்களுக்கும், மயக்கமருந்து வைத்திய நிபுணர்களுக்கும், கொழும்பின் அரச, தனியார் வைத்தியசாலைப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் இருபத்தெட்டு வருடம் கொழும்பில் தாதியாக வேலை செய்தவள். முதல் ஒன்பது வருடம் சத்திரசிகிச்சை வார்டில், மிச்சம் முழுவதும் தியேட்டரில். போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்களில் சிலருக்கு எதிரே மேசையின் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். நீங்கள் கை நீட்டுமுன்பே எந்தக் கருவி வேண்டும் என்று அறிந்து எடுத்துத் தந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வந்த வயிற்று வெட்டுக்காயக்காரரை விடியும்வரை நின்று காப்பாற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒப்பரேஷன் காயத்தில் கிருமி தொற்றாமல் இருக்க முற்காப்பாகக் கொடுக்கிற அன்டிபயோட்டிக்கை நாங்கள் பல நேரம் பிழையான நேரத்தில் தொடங்குகிறோம். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமலும் விடுகிறோம். இரண்டின் பலனும் நோயாளரின் உடம்பில்தான் போய் விழுகிறது. திருத்துவதற்குப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ தேவையில்லை. உங்கள் கையெழுத்தும் சுவரில் தொங்குகிற மணிக்கூடும் போதும்.

என்னிடம் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. தியேட்டரில் வேலை செய்த கடைசிக் காலத்தில், எனக்காக மட்டும், இரண்டு நேரங்களை அதில் எழுதி வந்தேன். அன்டிபயோட்டிக் ஊசி போட்ட நேரம் ஒன்று. தோலில் கத்தி பட்ட நேரம் மற்றது. பெயர் இல்லை, கட்டில் இலக்கம் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு வரி: ஊசி காலை 6.10, வெட்டு பகல் 12.50.

அந்த வரி எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அன்றைய லிஸ்டில் அவர் நான்காவது ஆள். குடலிறக்கம், வலை வைத்துத் தைக்கும் ஒப்பரேஷன். வார்டில் இரவு வேலை பார்த்த பிள்ளை, ஏழு மணிக்கு வேலை கைமாற்றுவதற்குள் லிஸ்டில் இருந்த எல்லாருக்கும் ஒரே தட்டில் ஊசியை வைத்துக்கொண்டு போட்டு முடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வார்டில் இருந்த ஒன்பது வருடமும் நானும் அப்படித்தான் போட்டேன், யாரும் பிழை என்று சொல்லவில்லை. அன்று காலை இடையில் ஒரு அவசர ஒப்பரேஷன் வந்தது, லிஸ்ட் தள்ளிப் போனது. அவர் மேசைக்கு வரும்போது பகல் பன்னிரண்டரை.

கொடுத்தது செபுரொக்சிம். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ எண்பது நிமிடத்தில் பாதியாகிவிடும். 6.10க்கும் 12.50க்கும் இடையில் நானூறு நிமிடம். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று ஐந்து முறை. முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். அவருடைய கட்டில் சீட்டில் அன்டிபயோட்டிக் கொடுக்கப்பட்டது என்று அடையாளம் போட்டிருந்தது, தியேட்டரில் கேட்டபோதும் ஆம் என்றார்கள். ஆனால் கத்தி பட்ட நேரத்தில் அந்த மனிதரின் தசைக்குள் மருந்து என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வலை வைத்த காயம். அதில் கிருமி ஏறினால் வலையையே கழற்ற வேண்டி வரலாம் என்பது நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது.

இதெல்லாம் நேற்றுத் தெரிய வந்த விஷயமும் இல்லை. 1961இல் ஜோன் பர்க் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர் கினிப் பன்றிகளின் தோலுக்குள் கிருமியைச் செலுத்தி, அன்டிபயோட்டிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி போகுமுன்பே மருந்து உடம்பில் இருந்த விலங்குகளில் தோல் கிட்டத்தட்டத் தப்பியது. கிருமி போய் மூன்று மணித்தியாலம் கழித்துக் கொடுத்தவற்றில், கொடுக்காதது போலவேதான் இருந்தது. அப்புறம் 1992இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளரைப் பார்த்து ஒரு ஆய்வு வெளிவந்தது. வெட்டுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து கிடைத்தவர்களில் காயம் பழுதானது 0.6 சதவீதம். அதற்கும் முன்பே, வெகு நேரத்துக்கு முதல் கிடைத்தவர்களில் 3.8 சதவீதம். வெட்டி மூன்று மணித்தியாலம் கழிந்த பிறகு கிடைத்தவர்களில் 3.3 சதவீதம். மிக முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டியும் வெட்டுக்கு முந்திய 120 நிமிடத்துக்குள் என்கிறது. செபுரொக்சிம், செபசோலின் போல சீக்கிரம் குறைந்து போகிற மருந்தானால் ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுப்பதே நல்லது. அதே நிறுவனம் 2008இல் வெளியிட்ட, தியேட்டர்களில் நாம் சொல்லி வருகிற பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும் கேள்வியும் அதுதான்: கடந்த 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக் கொடுத்தாயிற்றா? கேள்வியில் நேரம் இருக்கிறது. நாங்கள் பதில் சொல்லும்போது அந்த நேரத்தை விழுங்கிவிட்டு, கொடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு மயக்கமருந்து வைத்தியர் இதை வேறு மாதிரிச் செய்வார். வார்டில் போட விடமாட்டார். மருந்துக் குப்பிகள் நோயாளரோடு தியேட்டருக்கு வர வேண்டும். நோயாளர் மேசையில் படுத்து, கையில் கனியூலா சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, செபுரொக்சிம் 750 மில்லிகிராம் குப்பி இரண்டை எடுத்து, நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைப்பார். கோ-அமொக்சிக்ளேவ் என்ற மற்ற அன்டிபயோட்டிக் என்றால் கரையும்போது சில நேரம் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு வந்து மறையும், அது மறையும்வரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கலக்கிய இருபது நிமிடத்துக்குள் அதை உடம்புக்குள் செலுத்திவிட வேண்டும், கலக்கி வைத்துவிட்டு ரீ குடிக்கப் போகக் கூடாது என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்வார். மெதுவாகத் தள்ளி முடித்து, மணிக்கூட்டைப் பார்த்து, நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். நான் எழுதுவேன். முழங்கால் ஒப்பரேஷன் என்றால், தொடையில் கட்டும் பட்டியைக் காற்றடித்து இறுக்குமுன் மருந்து முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும் என்று நிற்பார். பட்டி இறுகிய பிறகு இரத்தமே போகாத காலுக்கு மருந்து எப்படிப் போகும்? ஒப்பரேஷன் நான்கு மணித்தியாலத்தைத் தாண்டினாலோ, இரத்தம் ஒன்றரை லீட்டருக்கு மேல் போனாலோ, யாரும் ஞாபகப்படுத்தாமலே இரண்டாவது டோஸ் கொடுப்பார். என் கொப்பியில் அவருடைய நாட்களின் வரிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: பதினைந்து நிமிடம், இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். அவருக்குத் தனியாக எந்த வசதியும் யாரும் செய்து கொடுக்கவில்லை. அது அவருடைய வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தொடங்கும் நேரத்தைப் பற்றி இவ்வளவும் போதும். என்னை உட்கார்த்தி இந்த மடலை எழுத வைத்தது நிறுத்தாத கதை.

என் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. நீரிழிவு இருக்கிறது, குளிசையில் கட்டுப்பாடாக இருந்தது. பித்தப்பையில் கல் என்று கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்தார்கள். பெயர் வேண்டாம். சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் ஒப்பரேஷன், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. பித்தப்பை உடையாமல் முழுதாக வந்தது, பித்தம் சிந்தவில்லை. வேலை அவ்வளவு சுத்தம், அந்தச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அக்காவுக்கு நீரிழிவு இருந்ததால் வெட்டுக்கு முன் ஒரு டோஸ் கொடுத்ததும் சரிதான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள், இரண்டு வகை அன்டிபயோட்டிக், நாளுக்கு மூன்று முறை நாளத்தில். மூன்றாம் நாள் டிக்கட் வெட்டி அனுப்பும்போது இன்னும் ஏழு நாளுக்குக் குளிசை. காய்ச்சல் இல்லை, காயம் காய்ந்திருந்தது, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் குளிசை உறைகள் இருந்ததை நான் பார்த்தேன். எடுத்து வாசித்தேன். இது எதற்கு என்று ஒரு கேள்வி மனதில் வந்தது. பெரிய டொக்டர் எழுதியிருக்கிறார், நான் ஏன் குழப்ப வேண்டும் என்று திரும்ப வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் வேலை செய்த நான், ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஐந்தாவது நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அன்று இரவு பத்துப் பதினொரு தடவை போனா. விடியும்போது நாக்கு வறண்டு, பேச்சு இழுபட்டு, சிறுநீரே போகவில்லை. திரும்ப அனுமதித்தார்கள். குடலில் குளொஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற கிருமி. அன்டிபயோட்டிக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்டுப் போகும்போது, வெறுமையான வீட்டுக்குள் புகுந்து குடியிருக்கும் கிருமி அது. நீர் இழப்பில் சிறுநீரகமும் அடிபட்டது. ஒன்பது நாள் படுக்கை. கல்லை எடுக்க மூன்று நாள், கல்லுக்குப் பிறகு கொடுத்த மருந்தைச் சமாளிக்க ஒன்பது நாள். அக்கா இப்போது நடக்கிறா, சமைக்கிறா. ஆனால் சிறுநீரக கிளினிக்குக்கு மாதாமாதம் போக வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தை எழுதியபோது யாரும் அவவுக்குக் கெட்டது நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாதுகாப்புக்கு என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும்.

2019இல் அமெரிக்காவின் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலைகளில் ஒப்பரேஷன் செய்த 79 ஆயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். முற்காப்பு அன்டிபயோட்டிக்கை ஒரு நாளைத் தாண்டி நீட்டியவர்களில் காயத் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பும் அந்தக் குடல் தொற்றும் கூடியிருந்தன, நாட்கள் கூடக்கூட இன்னும் கூடின. உலக சுகாதார நிறுவனமும் இதில் மழுப்பவில்லை: ஒப்பரேஷன் முடிந்த பிறகு முற்காப்பு அன்டிபயோட்டிக்கைத் தொடர வேண்டாம். வடிகுழாய் வைத்திருந்தாலும், அதைக் காரணம் காட்டித் தொடர வேண்டாம். நம் நாட்டில் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர்களின் கல்லூரி மற்றக் கல்லூரிகளோடும் சுகாதார அமைச்சோடும் சேர்ந்து 2016இல் தேசிய வழிகாட்டி ஒன்றைக் கொண்டு வந்தது. முற்காப்பு மருந்து என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பல வார்டுகளில் அது அலுமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைத் திறந்து கைவைத்து வாசித்த அடையாளத்தைப் பார்த்தது குறைவு.

ஏன் நீட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு காயம் சீழ்பிடித்தால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான். ஏன் இன்னும் இரண்டு நாள் மருந்து கொடுக்கவில்லை என்று நோயாளரின் மகன் வந்து உங்களிடம்தான் சத்தம் போடுவார். ஏழு நாள் கொடுத்த பிறகும் காயம் பழுதானால், நாங்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம் என்று சொல்லலாம். ஒரு டோஸோடு நிறுத்திய பிறகு பழுதானால் அந்த நிறுத்தம்தான் காரணம் என்று எல்லாரும் நினைப்பார்கள், அது காரணமாக இல்லாவிட்டாலும். அந்தப் பயம் நியாயமானது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு காரணத்தையும் வார்டில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். "மிஸ், அது வெளிநாட்டுக்குச் சரி. இங்கே வார்டைப் பாருங்கள், ஒரு கட்டிலுக்கும் மற்றக் கட்டிலுக்கும் நடுவில் பாயில் ஒருவர் படுத்திருக்கிறார், மின்விசிறி தூசியைச் சுற்றுகிறது, பார்வையாளர் நேரத்தில் முழுக் கொட்டாஞ்சேனையும் உள்ளே வருகிறது." உண்மைதான், நானும் அந்தத் தூசிக்குள் நின்றவள். ஆனால் காயம் திறந்திருக்கும்போது ஏறுகிற கிருமிக்குத்தான் முற்காப்பு மருந்து. தைத்து மூடிய காயத்தின் விளிம்பு ஓரிரு நாளில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு நாளத்தில் ஓடுகிற மருந்து வார்டின் தூசியைத் தடுக்காது. அது செய்வது வேறொரு வேலை: அந்த நோயாளரின் தோலிலும் குடலிலும் இருக்கிற பலவீனமான கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. அப்படிப்பட்டவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால், அடங்காத கிருமி எங்கள் கைகளில் ஏறி அடுத்த கட்டிலுக்குப் போகிறது. நெரிசலான வார்டில்தான் நீட்டுவது இன்னும் பெரிய ஆபத்து.

வார்டு அழுக்குக்கு மருந்து வார்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் கை கழுவுவதற்கான திரவம். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரவு சவர அலகால் முடி மழிப்பதை நிறுத்துவது. மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எல்லாம் கிருமிக்கு வாசல், அகற்றத்தான் வேண்டுமென்றால் கத்தரிக்கும் இயந்திரம். தோலைத் துடைக்க அல்கஹோல் கலந்த குளோர்ஹெக்சிடின், அது காயும்வரை பொறுமை. நோயாளரின் சீனி அளவு. உடம்புச் சூடு. தியேட்டரின் குளிரில் மெல்லிய துணியோடு நடுங்கிக்கொண்டு வரிசையில் படுத்திருந்த வயதானவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஒரு போர்வை போர்த்துவதும் காயத் தொற்றைக் குறைக்கிற வேலை என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டவும் இல்லை. வெடித்த குடல்வால், கிழிந்த குடல், வயிறு நிறையச் சீழ் என்றால் அது முற்காப்பு இல்லை, சிகிச்சை. அங்கே நாட்கணக்கில் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்பது, அந்த இரண்டுக்கும் நடுவே சீட்டில் ஒரு கோடு போடுங்கள் என்றுதான். சுத்தமான ஒப்பரேஷனுக்குப் போட்ட மருந்து, யாரும் நிறுத்து என்று எழுதாத காரணத்தால் சிகிச்சை போல ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. வார்டில் அதுதான் நடக்கிறது. தாதிக்குத் தானாக நிறுத்த அதிகாரம் இல்லை. சின்ன வைத்தியருக்குப் பெரியவரைக் கேட்கப் பயம். பெரியவர் அடுத்த ரவுண்டில் காயத்தைப் பார்ப்பார், மருந்து அட்டையைப் பார்க்க நேரமிருக்காது.

தாய்மார் விஷயத்தில் ஒரு பழக்கம் மாறியதை என் கண்ணால் பார்த்ததால், இதுவும் மாறும் என்று நம்புகிறேன். முந்திய காலத்தில் சிசேரியனில் தொப்புள்கொடியைக் கவ்விய பிறகுதான் அன்டிபயோட்டிக். குழந்தைக்கு மருந்து போய்விடக் கூடாது என்பது காரணம். தோலில் வெட்டுமுன்பே கொடுத்தால் தாயின் தொற்று குறைகிறது, குழந்தைக்குக் கெடுதல் காணவில்லை என்று ஆய்வுகள் சொன்ன பிறகு உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. முதலில் எங்களுக்குக் கை வரவில்லை. ஒரு மூத்த வைத்தியர் பொறுப்பெடுத்து, இனி இப்படித்தான் என்றார். சில மாதத்தில் பழைய முறையே எங்களுக்கு மறந்து போனது.

கொழும்பில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தேசிய வைத்தியசாலையிலும், காசல் வீதியிலும், டி சொய்சாவிலும், லேடி ரிட்ஜ்வேயிலும், களுபோவிலயிலும் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் இங்கேயே இருக்கப் போவதில்லை. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வவுனியாவுக்கும் நுவரெலியாவுக்கும் போவார்கள். உங்கள் வார்டில் ஏழு நாள் எழுதக் கற்றவர் அங்கேயும் ஏழு நாள் எழுதுவார். உங்களிடம் ஒரு டோஸோடு நிறுத்தப் பழகியவர் அங்கேயும் நிறுத்துவார்.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மருந்து இல்லை, சாமான் இல்லை, பல இடங்களில் வழமையான ஒப்பரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். குப்பியை எண்ணி எண்ணிக் கொடுத்த காலம். அப்போது முற்காப்புக்கு ஒரு டோஸ், அதற்கு மேல் இல்லை என்று பல வைத்தியர்கள் நிறுத்தினார்கள், வேறு வழி இருக்கவில்லை. காயம் கழுவும் தள்ளுவண்டியோடு நடந்த என் சிநேகிதி ஒருத்தி, வேலை கூடவில்லையே என்று அப்போது என்னிடம் சொன்னா. ஒரு தாதியின் பேச்சு ஆய்வு ஆகாது. ஆனால் மருந்து திரும்ப வந்ததும் ஏழு நாளும் திரும்ப வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்குதில்லை.

நாம் வீணாக்குவது பணத்தை மட்டும் இல்லை. உலகில் 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செபசோலின் போன்ற பழைய, சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்குகிற மருந்து போதுமான இடத்தில், நாளுக்கு ஒரு தடவை போட்டால் சரி என்ற வசதிக்காக செப்ட்ரையக்சோன் எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மெரொபெனம் முற்காப்பாகப் போனதையும் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் கவனித்துப் பயன்படுத்தச் சொல்லும் வகையில் இவை இரண்டும் இருக்கின்றன. நாளைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பிள்ளைக்கு இந்த மருந்துகள் வேலை செய்ய வேண்டும்.

நோயாளரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அதுவும் தமிழ் பேசுகிறவர்களின் பக்கத்தை. கொழும்பு வார்டுகளில் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு, குளிசை உறையில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் தருகிறார்கள் என்று யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று விரல் காட்டுவதோடு முடிந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு மருந்து கூடக் கொடுத்தால்தான் நல்ல கவனிப்பு என்ற எண்ணமும் இருக்கிறது. ஊசி போடாமல் அனுப்பிய டொக்டரை விட்டுவிட்டு அடுத்த சனலிங் நிலையத்துக்குப் போகிறவர்கள் நாங்கள். அதை மாற்ற ஒரு வசனம் போதும்: "அம்மா, வெட்டுக்கு முதலே மருந்து தந்துவிட்டோம், இனி உங்களுக்கு அது தேவையில்லை, காய்ச்சல் வந்தாலோ காயம் சிவந்து நீர் வடிந்தாலோ உடனே வாருங்கள்." அந்த வசனத்தைத் தமிழில் சொல்ல ஒவ்வொரு வார்டிலும் ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால் அச்சடித்த ஒரு துண்டில் கொடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தால், எப்போது, என்ன நடந்தது என்று அந்தப் பாஷையிலேயே கேளுங்கள். சின்ன வயதில் வயிறு பிரட்டியதை ஒவ்வாமை என்று சொல்லிச் சொல்லி, வாழ்நாள் முழுவதும் சரியான மருந்து கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

சரி, நான் கேட்பது என்ன? முற்காப்பு அன்டிபயோட்டிக்கை வார்டிலிருந்து எடுத்துத் தியேட்டருக்குள் கொண்டு வாருங்கள், மயக்கமருந்து வைத்தியரின் கையில் அதை முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். கொடுத்த நேரமும் வெட்டிய நேரமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படட்டும். ஒப்பரேஷன் குறிப்பை எழுதி முடிக்கும்போது கடைசி வரியாக, அன்டிபயோட்டிக் இத்தோடு முடிந்தது என்றோ, தொடர வேண்டும், காரணம் இது என்றோ, உங்கள் கையாலேயே எழுதுங்கள். காரணம் எழுதாத டோஸை அடுத்த நாள் காலையில் தாதி போடாமல் உங்களைக் கேட்கலாம் என்று பணிப்பாளர்கள் எழுத்தில் அனுமதி தர வேண்டும். கேட்ட பிள்ளையை யாரும் ஏசக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியும் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரும் அந்தத் தாள்களை எடுத்து எண்ணி, எத்தனை பேருக்குச் சரியான நேரத்தில் கிடைத்தது, எத்தனை பேருக்கு நீண்டது என்று தியேட்டர் வாசலில் ஒட்டட்டும். பெயர் வேண்டாம், எண் மட்டும். தனியார் வைத்தியசாலைகள் இதே தாளை வைப்பதற்கும் தடை ஒன்றும் இல்லை. தேவையில்லாத டோஸின் விலையை அங்கே நோயாளரே கையிலிருந்து கட்டுகிறார் என்பதால், அங்கே இது இன்னும் அவசரம்.

எண்ணுகிற வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்வீர்கள், அதுவும் உண்மை. எந்த அரச வைத்தியசாலையாவது தொடங்குவதாக இருந்தால், முதல் மூன்று மாதத்துக்கு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். காலை ஏழு மணிக்கு 155ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். தியேட்டர் வாசலில் மணிக்கூடு தெரிகிற இடத்தில் ஒரு கதிரை போட்டுத் தாருங்கள். கொப்பி என்னிடம் இருக்கிறது, இன்னும் பாதிக்கு மேல் வெறும் பக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.